ரெப்ளிகா கிளாசிக் காருக்கு ஸ்பேர் தேடுவதும் பொருத்துவதும்: பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எம்.ஜி. டி.டி.க்கு வீல் சிலிண்டர் வேண்டும் என்று ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினால் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் இப்ப எங்க சார் கிடைக்கும்?" அதே சிலிண்டரைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய், "பாய், மாருதி வேன், பின் பிரேக் சிலிண்டர் ஒரு செட்" என்று கேளுங்கள், கடைப்பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் இருக்கும் தட்டிலிருந்து எடுத்து வைப்பான். ரெப்ளிகாவுக்கு, அதாவது பழைய காரின் உருவத்தில் வேறு வண்டிகளின் பாகங்களைப் போட்டுக் கட்டிய வண்டிக்கு, ஸ்பேர் கிடைப்பதில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் தப்பான பெயரில் தேடுகிறார்கள். வண்டியின் பெயரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பாகத்தின் பெயரோடும் அளவோடும் கடைக்குப் போவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

உதாரணத்துக்கு என் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். வெளித்தோற்றம் 1950-களின் தொடக்கத்தில் வந்த எம்.ஜி. டி.டி., இரண்டு சீட், ஃபைபர் பாடி. உள்ளே இன்ஜினும் கியர்பாக்ஸும் பழைய ஜிப்ஸி, அதாவது 970 சி.சி. எம்.ஜி.410. முன் சஸ்பென்ஷன் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பின் ஆக்ஸில் மாருதி வேன். அமெரிக்காவில் இதே உருவத்தைப் பீட்டில் காரின் அடிச்சட்டத்தின் மேல் கட்டினார்கள், நம் ஊரில் கட்டியவர்கள் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக் கட்டினார்கள். உங்கள் வண்டியில் அம்பாசடர், பத்மினி, ஜீப் என்று வேறு கலவை இருக்கலாம், வழிமுறை ஒன்றுதான்.

முதலில் வண்டிக்கு ஒரு ஜாதகம் எழுதுங்கள்

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி: எந்த வண்டியில் இருந்து வந்தது, எந்த மாடல், என்ன மரை, என்ன அளவு, எந்தக் கடையில் வாங்கியது. கட்டிய பட்டறைக்காரர் உயிரோடு இருந்து, போனையும் எடுத்தால் அவரிடம் கேட்பதுதான் சுலபம். பெரும்பாலும் எடுக்க மாட்டார்.

அப்போது வண்டியையே கேட்க வேண்டும். இரும்பு வார்ப்பின் மேல் பெயரோ எண்ணோ இருக்கும், பிரஷ்ஷும் டீசலும் கொண்டு துடைத்தால் தெரியும். கெர்லிங், லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது. எதுவும் தெரியாவிட்டால் போல்ட்டுத் தலையே சாட்சி சொல்லும். 10, 12, 14, 17 ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் ஜப்பான் வழி, அதாவது மாருதி. ஜப்பான்காரர்கள் எம்8 போல்ட்டுக்கு (8 மி.மீ. தடிமன்) 12 மி.மீ. தலை வைப்பார்கள், மற்ற இடங்களில் அதே எம்8-க்கு 13. அரை அங்குல ஸ்பேனரும் 9/16 ஸ்பேனரும் கேட்டால் பிரிட்டிஷ் வழி: ஹெரால்டு, அம்பாசடர். ஒரே வண்டியில் இரண்டும் கலந்துதான் இருக்கும், எது எங்கே என்று எழுதி வையுங்கள்.

மாருதி விஷயத்தில் இன்னொன்று. கடையில் ஆம்னி என்று சொன்னாலும் புரியும், ஆனால் பழைய ஆட்களுக்கு அது 'மாருதி வேன்', 800 என்பது 'மாருதி கார்'. டைப் 1-ஆ, டைப் 2-ஆ என்று கேட்பார்கள். 800-இல் 1983-இல் வந்த முதல் உடல் ஒன்று, 1986-க்கு அப்புறம் வந்தது இன்னொன்று. பாகம் பல இடங்களில் மாறும். தெரியவில்லை என்றால் ஊகித்துச் சொல்லாதீர்கள், சாம்பிளைக் காட்டுங்கள்.

அளவெடுப்பது

டிஜிட்டல் வெர்னியர் ஒன்று, மரை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று (மெட்ரிக்கும் அங்குலமும் சேர்ந்தது), ஒரு மேக்னெட். மூன்றும் எஸ்.பி. ரோட்டிலோ எஸ்.ஜே.பி. ரோட்டிலோ கிடைக்கும். மேக்னெட் எதற்கென்றால், பித்தளை முலாம் பூசிய இரும்பை கன்மெட்டல் என்று தலையில் கட்டுவதைப் பிடிக்க.

பேரிங் விஷயத்தில் அளவெடுக்கவே வேண்டாம், பக்கவாட்டில் பொறித்த எண் போதும். 6204 என்றால் உள்விட்டம் 20 மி.மீ., 6205 என்றால் 25, கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் வரும் (04-இல் இருந்து மேலேதான் இந்தக் கணக்கு, 03 என்பது 17 மி.மீ.). ஆயில் சீலும் அப்படித்தான், 35-52-7 என்றால் ஷாஃப்ட் 35, வெளிவிட்டம் 52, தடிமன் 7. இந்த எண்ணோடு எஸ்.ஜே.பி. ரோடு பேரிங் கடைக்குப் போனால் என்ன வண்டி என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மரைதான் ஆளைக் கவிழ்க்கும் இடம். பிரேக் பைப் நட்டை எடுத்துக்கொள்வோம். மாருதியில் எம்10, பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) 1 மி.மீ. ஹெரால்டு, அம்பாசடர் பக்கம் 3/8 யு.என்.எஃப். என்ற அங்குல நுண்மரை, அதாவது விட்டம் 9.525 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, பிட்ச் ஏறத்தாழ 1.06. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 3/8 நட்டு எம்10 துளையில் லூசாக இறங்கும், ஸ்பேனர் வைத்தால் இறுகுவது போலவும் இருக்கும், ஆனால் மரை முழுசாகப் பிடித்திருக்காது. மிதித்துப் பார்த்தால் கசிவுகூடத் தெரியாது. ஒருநாள் ஹெப்பால் மேம்பாலத்தில் இறங்கும்போது அழுத்தி மிதிப்பீர்கள், மரை உரிந்துகொண்டு வரும். அதனால் புது நட்டை முதலில் கை விரலால் மட்டும் சுற்றுங்கள். ஆட்டம் இருந்தாலும் சரி, மூன்று சுற்றுக்குள் மாட்டிக்கொண்டாலும் சரி, அது உங்கள் மரை இல்லை. பைப் நுனியின் விரிப்பும் இரண்டு வகை, உள்பக்கம் மடித்த டபுள் ஃப்ளேர், குமிழ் மாதிரி வரும் பபிள் ஃப்ளேர். ஒன்று உட்காரும் இடத்தில் இன்னொன்றை வைத்து இறுக்கினால் நிற்காது. மாருதி பின் ஆக்ஸிலையும் ஹெரால்டு முன் பிரேக்கையும் ஒரே மாஸ்டர் சிலிண்டரில் இணைக்கும் வண்டிகளில் நடுவே எங்கோ ஓர் அடாப்டர் இருக்கும். அதைக் கண்டுபிடித்து நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள்.

எங்கே தேடுவது

ஜே.சி. ரோடும் அதைத் தொட்டிருக்கும் கலாசிபாளையமும் புதுப் பாகத்துக்கு. மதிய வேளையில் போகாதீர்கள், லாரிக்காரர் கூட்டத்தில் உங்கள் ஒற்றை புஷ்ஷை யாரும் மதிக்க மாட்டார்கள். காலையில் கடை திறந்து, பூஜை முடிந்த கையோடு போனால் பழைய ஸ்டாக்கைக் கிளறிப் பார்க்கிற பொறுமை இருக்கும். கடைக்காரர் தமிழோ உருதுவோ கன்னடமோ பேசுவார், மூன்றிலும் 'சாம்பிள்' என்றால் சாம்பிள்தான்.

பழசுக்கு சிவாஜிநகர் குஜிரி, அதாவது பழைய சாமான் சந்தை. பேரம் அங்கே கலை, ஆனால் பில் இல்லாமல் இன்ஜினோ கியர்பாக்ஸோ வாங்காதீர்கள். எண் பொறித்த பாகம் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் வில்லங்கம் உங்கள் தலையில்தான் விடியும். ஹெரால்டு சாமான் இப்போது பெங்களூரில் அரிது. ஸ்டாண்டர்ட் கம்பெனி வண்டலூரில் இருந்ததால், 1961-இல் தொடங்கி அங்கே செய்த ஹெரால்டு, அப்புறம் வந்த கெஸல் இரண்டின் மிச்சமும் தமிழ்நாட்டில்தான் அதிகம். சென்னை புதுப்பேட்டையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் படம் அனுப்பி, வெர்னியர் வைத்த படத்தைத் திருப்பி வாங்கி, சரியென்றால் ஆம்னி பஸ் பார்சலில் போடச் சொல்லுங்கள், மறுநாள் காலை கலாசிபாளையத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் உக்கடமும் ஒரு வாய்ப்பு.

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதற்கு முன் ஒரு நிமிஷம். பிரிட்டனில் எம்.ஜி. டி.டி. பாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, அதைப் பார்த்து மயங்காதீர்கள். உண்மையான டி.டி.யின் 1250 சி.சி. இன்ஜினுக்கு மெட்ரிக் மரையும் விட்வொர்த் அளவு போல்ட்டுத் தலையும் இருக்கும், வேறெங்கும் எளிதில் காண முடியாத கூத்து அது. உங்கள் வண்டிக்கு அதில் ஒன்றும் ஒட்டாது. விண்ட்ஷீல்டு பிராக்கெட், பேட்ஜ், கதவுக் கைப்பிடி மாதிரி மேல் அலங்காரம் மட்டும் அங்கிருந்து வாங்கலாம், அதுவும் ஃபைபர் பாடியின் வளைவு அச்சு அசலாக இருந்தால். மற்றபடி ஹெரால்டு சஸ்பென்ஷன் வைத்திருப்பவர்கள் ட்ரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் என்று தேடுங்கள், அடிப்படையில் ஒரே வடிவமைப்புதான். பார்சல் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கஸ்டம்ஸ் வரி போடுவார்கள், ஆகவே சில்லறையாக வாங்காமல் சேர்த்து வாங்குங்கள்.

எதை லேத்தில் செய்யலாம், எதைத் தொடவே கூடாது

நம் ஊரில் டர்னர்கள் கெட்டிக்காரர்கள். பீன்யாவில் இல்லாத மெஷின் இல்லை. அதனாலேயே எதையும் செய்துவிடலாம் என்று ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது.

புஷ், ஸ்பேசர், பிராக்கெட், புல்லி, கியர் லீவர் நீட்டிப்பு, த்ராட்டில் கேபிள் தாங்கி, இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஸ்டியரிங், பிரேக், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகம் எதையும் புதுசாகச் செய்யாதீர்கள், வேறு வண்டியின் கம்பெனிப் பாகத்தை அளவு பார்த்துக் கொண்டுவந்து போடுங்கள். ஸ்டியரிங் ஷாஃப்டை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் வெல்டரிடம் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஹெரால்டு முன் சஸ்பென்ஷனில் கீழே ட்ரன்னியன் என்று ஒன்று உண்டு, பித்தளை நிறத்தில், ஸ்டியரிங் திருப்பும்போது செங்குத்துத் தண்டு அதன் மரைக்குள் சுழலும். வலப்பக்கத்துக்கு வலது மரை, இடப்பக்கத்துக்கு இடது மரை, மாற்றிப் போட முடியாது. இதற்கு கிரீஸ் அடிப்பது நம் மெக்கானிக்குகளின் பழக்கம், கம்பெனி சொன்னது கியர் ஆயில், 90 கிரேடு. கிரீஸ் அடியில் இறங்காது, மரைக்குள் தண்ணீர் தேங்கித் துரு ஏறும், தண்டு அந்தக் கடைசி மரையில் முறியும், சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். இந்த ஒரு பாகத்தை லேத்தில் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியவற்றில் இதற்கே முதல் இடம் கொடுப்பேன். கூடவே தண்டையும் மாற்றுங்கள், துரு குழி விழுந்த தண்டில் புது ட்ரன்னியன் போட்டுப் பிரயோஜனமில்லை.

லேத் பட்டறைக்குப் போகும்போது பாகத்தை மட்டும் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்லாதீர்கள். தேய்ந்த பாகத்தைக் கொடுத்தால் தேய்ந்த அளவிலேயே வரும். அது உட்காரும் துளையையும் அதற்குள் ஓடும் பின்னையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், ஒரு தாளில் படம் போட்டு எது டைட் ஃபிட், எது கையால் நுழைய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பொருளையும் சொல்லுங்கள்: சும்மா ஒரு பிராக்கெட்டுக்கு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) போதும், சுமை தாங்கும் பின்னுக்கு இ.என்.8 எஃகு, இன்னும் கடுமையான இடத்துக்கு இ.என்.24. சொல்லாவிட்டால் மூலையில் கிடக்கும் ராடுதான் உங்கள் பின்.

போல்ட்டு வாங்கும்போது தலையில் 8.8 அல்லது 10.9 என்று இருக்கிறதா பாருங்கள், அங்குல போல்ட்டில் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. பளபளப்பாக இருக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டை சஸ்பென்ஷனில் போடுகிறவர்கள் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ், 8.8-ஐவிட முன்னாலேயே இழுபட்டு நீளும். மட்கார்டுக்குப் போடுங்கள், அழகாக இருக்கும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மாற்றுகிறீர்களா

பழைய 5/8 அங்குல மாஸ்டர் சிலிண்டர் கிடைக்கவில்லை, 3/4 அங்குலம் கிடைக்கிறது, போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொல்வார். போடலாம், நிற்கும். ஆனால் பரப்பளவு 44 சதவீதம் கூடிவிடும், அதே அழுத்தம் வர அவ்வளவு கூடுதலாக மிதிக்க வேண்டும். பெடல் கல் மாதிரி ஆகிவிட்டதே, பிரேக் சூப்பர் என்று மெக்கானிக் பாராட்டுவதும் இதைத்தான். பூஸ்டர் இல்லாத ரெப்ளிகாவில் இது ஆபத்து. அளவை மாற்றினால் பெடலின் நெம்பு நீளத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கூடுமானவரை அதே உள்விட்டத்தில் வேறு வண்டியின் சிலிண்டரைத் தேடுங்கள். ரப்பர் கிட் வாங்கும்போதும் 3/4 அங்குலம் என்றால் 19.05 மி.மீ., மெட்ரிக் 20 மி.மீ. கிட்டைத் திணிக்காதீர்கள். பிரேக் ஆயில் டாட் 3 அல்லது 4, டாட் 5 சிலிக்கானை இதோடு கலக்கக் கூடாது.

சக்கரம்

என் வண்டியில் முன்னால் ஹெரால்டு ஹப், நான்கு ஸ்டட், 95.25 மி.மீ. வட்டம். பின்னால் மாருதி, நான்கு ஸ்டட், 114.3. ஆக, பின்னால் தொங்கும் அந்த அழகான ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை முதல் நாளே பாருங்கள். நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து என்றால் பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் மைய தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்கள்.

இரண்டையும் ஒன்றாக்க அடாப்டர் போடலாம். ஹப்பின் நடு வளையத்தில் உட்காரும் வகையாக இருக்க வேண்டும், வார்ப்பு அலுமினியம் கூடாது. ஆனால் சக்கரம் வெளியே தள்ளிப்போகும், ஹெரால்டின் சின்ன பேரிங் அந்தச் சுமையைச் சுமக்கும், ஸ்டியரிங்கும் கனக்கும். என்னைக் கேட்டால் அடாப்டர் வேண்டாம், டிக்கியில் பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் பம்ப்பும் போதும். ஸ்டட் நட்டும் வேறு வேறு: மாருதிக்கு எம்12, பிட்ச் 1.25, ஹெரால்டுக்கு 3/8 யு.என்.எஃப். வீல் ஸ்பேனர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு, வயரிங், மீட்டர்

இது சுலபம். 7 அங்குல வட்ட ஹெட்லைட் அம்பாசடருக்கும் ஜீப்புக்கும் புல்லட்டுக்கும் பொது, எங்கும் கிடைக்கும். ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் மீட்டருக்கு டிராக்டர் ஸ்பேர் கடைக்குப் போங்கள், அந்தக் காலத்து முகம் அங்கே இன்னும் இருக்கிறது.

ஃபைபர் பாடி மின்சாரம் கடத்தாது என்பதைப் பழைய எலக்ட்ரீஷியன்கள்கூட மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர், சேஸிஸ் வரைக்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குகிறதா, எர்த்தைப் பாருங்கள், பல்பை மாற்றாதீர்கள்.

ஜிப்ஸி கியர்பாக்ஸ்காரர்களுக்கு ஒன்று. அதில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸில் இல்லை, நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருந்து வருகிறது. ரெப்ளிகா கட்டும்போது ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிவிட்டால் ஸ்பீடோவுக்கு இடமே இல்லை. கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டிருக்காமல் ஜி.பி.எஸ். ஸ்பீடோமீட்டர் ஒன்று வாங்கிப் பழைய டயலுக்குள் பொருத்துங்கள்.

பெட்ரோல் லைனும் கார்பரேட்டரும்

பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் இதில் ஊறி மெத்தென்று ஆகும், அல்லது வெடிக்கும். மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரணக் கறுப்பு ஹோஸை வாங்காதீர்கள், விட்டான் உட்பூச்சு உள்ளதா என்று கேட்டு, ஹோஸின் மேல் ஆர்9 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பம்ப்பின் டயாஃப்ரமும் கார்பரேட்டர் கிட்டும் அப்படியே. ஃபைபர் டேங்க் வைத்திருந்தால் எத்தனால் அந்த ரெசினைக் கரைக்க வாய்ப்புண்டு, ஸ்டீல் அல்லது அலுமினியத்தில் புது டேங்க் அடித்துக்கொள்வது உத்தமம்.

இன்னொன்று, பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே. காற்று இங்கே கொஞ்சம் மெலிசு. சென்னையில் ட்யூன் செய்த கார்பரேட்டரை வாங்கி அப்படியே மாட்டினால் கலவை ரிச்சாகி பிளக் கறுக்கும். இன்ஜினைப் பிரிக்கும் முன் மெயின் ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒரு அளவு இறக்கிப் பாருங்கள்.

ஆர்.சி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருஷத்துக்கு மேல் பழசான, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான், ரெப்ளிகாவுக்கு இல்லை. ஆகவே ஆர்.சி.யில் என்ன வண்டி, என்ன இன்ஜின் எண், என்ன சேஸிஸ் எண் என்று இருக்கிறதோ அது வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் பிளாக்கை மாற்ற நினைத்தால் ஆர்.டி.ஓ. அனுமதியை முன்னாலேயே வாங்குங்கள், பின்னால் போய் நின்றால் வேலைக்கு ஆகாது.

பொருத்திய பிறகு

புதுப் பாகம் எது போட்டாலும் முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், பிரேக் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று. அப்புறம் ஆளில்லாத ரோட்டில் மெதுவாக. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டு, சஸ்பென்ஷன் போல்ட்டு, ப்ராப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டு மூன்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், போல்ட்டுத் தலையில் பெயிண்ட் கோடு ஒன்று போட்டு வைத்தால் நகர்ந்ததா என்று ஒரே பார்வையில் தெரியும். கழற்றிய பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு, எந்த வண்டியுடையது, என்ன அளவு என்று மார்க்கரில் எழுதி அட்டைப்பெட்டியில் வையுங்கள், அடுத்த முறை ஜே.சி. ரோட்டுக்கு எடுத்துப்போக சாம்பிள் அதுதான்.